தேசிக்கட்டையரின் நிலா

மட்டக்களப்பு மாவட்டத்தில், ஒரு வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, வீட்டுக்காரரின் சுகத்தை விசாரிக்காமல் வீட்டுத் தேசி மரத்தின் சுகத்தை விசாரித்த மனிதர் ஒருவர்தான் உண்டு. எங்கள் ஊரில் எலுமிச்சையைத் தேசி என்போம். இந்த மனிதரைத் தேசிக்கட்டையர் என்போம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் நீர்ப்பாசன அலுவலகத்தில், அதாவது கந்தோரில், வாசல் காவலாளி முதல் மேலதிகாரி வரை யாருக்கும் அது தேவைப்படவில்லை.

அவர் எங்கள் கந்தோரில் படம் கீறுபவர். வாய்க்கால், மதகு, அணைக்கட்டு எல்லாம் அவர் கையால்தான் தாளில் இறங்கும். அது அரசாங்கத்துக்குச் செய்த வேலை. தனக்காகச் செய்த வேலை வேறு. கறுத்த பலகையில் மெல்லிய குழி தோண்டி, அதே வடிவத்தில் வெள்ளை மரத்தைச் செதுக்கி, இடைவெளி தெரியாமல் பதித்து, கொக்கும் தாமரையும் தோணியும் செய்வார். கறுப்புக்கு அவருக்குக் கவலையில்லை. பழைய தேக்கும் கருங்காலித் துண்டும் எங்காவது கிடைத்துவிடும். வெள்ளைதான் அவரை அலைக்கழித்தது.

நான் தெரியாமல் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அண்ணன், வெள்ளை மரத்துக்கா பஞ்சம்? மாமரம் இரிக்கே."

"மாமரம் நார் நாரா எழும்பும்."

"வேம்பு?"

"வெட்டக்குள்ள வெள்ளை. மறுகா சிவந்து போகும்."

"முதிரை?"

"நல்ல மரம். ஆனா மஞ்சள். சின்னப் புள்ளட பால்பல்லுப் பாத்திரிக்கியா தம்பி? அந்த நிறம் வேணும். உளி வச்சா பிளக்காம, நார் தெரியாம, வழுவழு எண்டு வரணும். அதுக்குத் தேசிதான்."

சிக்கல் என்னவென்றால், காய்க்கிற தேசியை எவரும் வெட்டிக் கொடுக்க மாட்டார்கள். மரம் தானாகப் பட்டுப்போனால்தான் உண்டு. ஆகவே ஊர் ஊராக மோட்டார் சைக்கிளில் போய், எந்த மரம் வாடுகிறது, எந்த மரத்துக்கு இலை கொட்டுகிறது என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பது அவருடைய விடுமுறை நாள் கடமையாயிற்று. "தங்கச்சி, தேசிக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்பார். மரம் நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தால் "ஓ, சந்தோசம்" என்று சொல்லும் முகத்தில் சந்தோசத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

எங்கள் கந்தோர்ச் சாரதியின் மாமி இறந்தபோது எல்லோருமாகப் போயிருந்தோம். தேசிக்கட்டையரும் வந்தார். கதிரையில் அமர்ந்து, சொல்ல வேண்டிய வார்த்தைகளை முறையாகச் சொன்னார். சற்று நேரத்தில் ஆளைக் காணவில்லை. வீட்டின் பின்புறம் ஒரு கிழவி சத்தம் வைத்தாள்.

"ஆரு கா அது, கிணத்தடியில மரத்தச் சுரண்டிற?"

சாரதி தலையைக் குனிந்துகொண்டு, "எங்கட கந்தோர் ஆள்தான் ஆச்சி. தேசி பட்டுப்போச்சா எண்டு பாக்கிறார்" என்றார்.

"இந்த வளவுல ஒரு சாவு போதாதாமா அவருக்கு?"

அதற்குப் பிறகு அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே பெண்கள் படலையைச் சாத்தத் தொடங்கினார்கள். கண்ணூறு படாமலிருக்கத் தேசிக்காயைக் கட்டித் தொங்கவிடுவது நம்மவர் வழக்கம். தேசி மரத்துக்கே கண்ணூறு என்றால் எதைக் கட்டுவது? ஒரு வீட்டில் யோசித்து யோசித்து ஒற்றைச் செருப்பைக் கட்டிவிட்டிருந்தார்கள். இவர் அதைப் பார்த்துவிட்டு, "கயிற இறுக்கிக் கட்டாதீங்க, பட்டை வெட்டுப்படும்" என்று புத்தி சொல்லிவிட்டு வந்தார்.

மாமாங்கக் கோயில் திருவிழாவுக்கு மனைவி, மகளோடு அமிர்தகழிக்கு வந்தவர் ஒருமுறை கூட்டத்தில் தொலைந்து போனார். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சின்னப் பிள்ளைகள் தொலைவதும் தாய்மார் அழுவதும் அங்கே வழக்கம். ஐம்பது வயது தாண்டிய மனிதரைக் காணவில்லை என்று சொன்னதும் சனம் நின்று கேட்டது. அவருடைய மனைவி மட்டும் பதறவில்லை. "கோயில் வீதியில ஆர்ர வீட்டிலயாவது தேசி நிக்கா எண்டு கேளுங்க" என்றாராம். அங்கேதான் இருந்தார்.

மரம் கிடைத்தாலும் பாடு தீராது. வெள்ளை மரத்துக்கு ஒரு கெட்ட குணம். வெட்டிய உடனே பலகையாக அரிந்து காற்றில் நிறுத்தாவிட்டால், எங்கள் வாவிக்கரை ஈரத்தில் உள்ளே பூஞ்சணம் பிடித்து நீலம் பூத்துவிடும். பூத்தால் பூத்ததுதான், எத்தனை இழைத்தாலும் போகாது. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வீட்டிலேயே காயவைப்பார். மற்ற மாதங்களில் பலகைகள் கந்தோருக்கு வரும். அலுமாரிக்கு மேலே அவற்றை வரிசையாக நிறுத்தி, இருந்த ஒரேயொரு மேசை விசிறியையும் அவற்றின் பக்கம் திருப்பிவிடுவார். நாங்கள் வியர்வையில் குளித்துக்கொண்டு கோப்புப் பார்ப்போம்.

புதிதாக வந்த மேலதிகாரிக்கு இது விளங்கவில்லை.

"என்ன இது?"

"தேசி சேர். காயுது."

"ஆக்கள் இருக்கிற பக்கம் விசிறியைத் திருப்புங்க."

"ஆக்களுக்கு நீலம் பூக்காது சேர்."

மேலதிகாரி எங்களை ஒருமுறை பார்த்தார். நாங்கள் தாளால் விசிறிக்கொண்டிருந்தோம். பிறகு தன்னுடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தேசிக்கட்டையருடைய வேலையைப் பார்ப்பதென்றால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். கழுவிய கையைத் துடைத்து, பவுடர் பூச வேண்டும். அரத்தாள் போட்டுத் தேய்த்தால் கறுப்பு மரத்தின் தூள் வெள்ளைக்குள் ஏறி அழுக்காகிவிடும் என்பதால், உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால்தான் சுரண்டி மெருகேற்றுவார். பதிக்கிற நாளில் வீட்டில் மஞ்சள் போட்ட கறி இல்லை. இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனால் கருங்காலிப் பெட்டியொன்றில் அவர் பதித்த கொக்கை முதன்முதல் கையில் எடுத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருட்டுத் தண்ணீரில் ஒற்றைக்காலில் அது நின்றது. கால் ஒரு தலைமயிர் அளவுதான். நான் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க நேரமெடுத்தேன். அவர் கேட்கவில்லை, காத்திருந்தார்.

இந்தத் தொழிலில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. முதலில் வெள்ளையை வெட்டு, பிறகு அதைக் கறுப்பில் வைத்து ஊசியால் சுற்றிக் கீறு, அதற்குப் பிறகே குழி தோண்டு. குழியை முதலில் தோண்டுகிறவன் முட்டாள் என்று எங்களுக்கு நூறு தரம் சொல்லியிருப்பார். இதை எங்களிடம் சொல்லி என்ன பயன் என்பது வேறு கதை. நாங்கள் யாரும் எந்தக் குழியும் தோண்டுவதாக இருக்கவில்லை.

அவரோ ஒருமுறை குழியை முதலில் தோண்டிவிட்டார்.

மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க ஒரு பெட்டகம் செய்தார். மூடிக்கு ஒரு பழைய வீட்டுக் கதவின் தேக்கு, எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்தது. மூடி நிறைய வாவி, கண்டல் மரங்கள், ஒரு தோணி. எல்லாம் பதித்தாயிற்று. மேலே முழுநிலா வர வேண்டும், சிரட்டை வாயளவு, ஒட்டுப் போடாத ஒரே துண்டில். அவருக்குக் கிடைத்த தேசி எல்லாம் மணிக்கட்டுப் பருமன்தான். நிலாவுக்குப் போதிய அடிமரம் மாவட்டத்திலேயே ஒன்றுதான் அவர் கண்ணில் பட்டது. அது அவருடைய வீட்டு வளவிலேயே நின்றது. அந்தத் துணிச்சலில்தான் குழியைத் தோண்டினார்.

அவருடைய வளவு என்று நான் எழுதியது பிழை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆண் கட்டிக்கொண்டு வந்து குடியிருப்பவன், அவ்வளவுதான். தேற்றாத்தீவில் அந்த வளவு அவருடைய மனைவிக்குத் தாய் கொடுத்தது. மரம் அந்த அக்கா குமர்ப்பெண்ணாயிருந்தபோது தன் கையால் நட்டது. ஊரெல்லாம் தேசியின் நாடி பிடித்துப் பார்த்த மனிதர், கிணற்றடியில் நின்ற அந்த மரத்தைப் பற்றி மட்டும் வாய் திறந்து கேட்டதில்லை. அக்காவுக்குத் தெரியாமலுமில்லை. ஒருநாள் ஊறுகாய்க்குக் காய் ஆய்ந்துகொண்டு, "என்ன பாக்கிறீங்க?" என்றாராம். இவர், "ஒண்டுமில்ல, நல்லாக் காய்ச்சிரிக்கு" என்றாராம். பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆக, வருடக் கணக்காகப் பெட்டக மூடியில் ஒரு வட்டக் குழி மட்டும் இருந்தது. தேத்தண்ணிக் கோப்பை அதில் அச்சொட்டாக உட்கார்ந்தது. அக்கா கோப்பையை அங்கேதான் வைப்பார். இவர் எடுத்துக் கீழே வைப்பார். கந்தோரில் நாங்கள் அதற்கு அமாவாசைப் பெட்டகம் என்று பெயர் வைத்தோம். "நிலா எப்ப அண்ணன்?" என்பதுதான் அவருக்கு எங்களுடைய காலை வணக்கம்.

மகளுக்குக் கலியாணம் பேசி, ஆவணியில் நாள் வைத்தார்கள். அதற்குள் மகளுக்கு வீடு கட்ட வேண்டும். வீட்டைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தாய்தகப்பன் பின்னாலிருக்கும் சின்ன வீட்டுக்கு மாறுவது முறை. மழை விட்ட கையோடு மேசன் வந்து, முளை அடித்து நூல் கட்டினார். தென்கிழக்கு மூலை சரியாகத் தேசி மரத்தில் போய் முட்டியது.

மேசன் நூலைப் பிடித்தபடி அக்காவைப் பார்த்தார். அக்கா மரத்தைப் பார்த்தார். பிறகு, "வெட்டுங்க. புள்ளட வீடு பெரிசா, மரம் பெரிசா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதை அடுத்த நாள் தேசிக்கட்டையர் கந்தோரில் சொன்னபோது கைதட்டினோம். ஒருவர் தேத்தண்ணிக் கடைக்கு ஓடிப்போய் எல்லோருக்கும் தின்ன ரோல்ஸ் வாங்கி வந்தார். நிலா வந்துவிட்டது. கேட்காமல், கெஞ்சாமல், சண்டை பிடிக்காமல் வந்துவிட்டது. அவர் ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வெட்ட வேண்டிய முறையை விளக்கினார். அடியோடு வெட்ட வேண்டும், அன்றைக்கே அரிய வேண்டும். எங்களுடைய விசிறிக்கு இனி ஆறு மாதம் ஓய்வில்லை என்பது எங்களுக்குப் புரிந்தது.

அதற்கடுத்த நாள் வந்ததும் வராததுமாகத் தாளை விரித்துக் கீறத் தொடங்கினார். மதகு இல்லை, வாய்க்கால் இல்லை. எட்டிப் பார்த்தேன், வீட்டுப் படம். மத்தியானத்துக்குள் அதை மூன்று முறை அழித்துக் கீறினார். பின்னேரம் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் மேசனிடம் கொடுத்தார்.

மேசன் படத்தை நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தாராம்.

"ஐயா, வீட்டுக்கு மூலை நாலு. நீங்க அஞ்சு கீறியிரிக்கீங்க."

"ஓம். மரத்துக்கு ஒரு மூலை விட்டிரிக்கன்."

"வெட்டச் சொல்லித்தானே அக்கா சொன்னவ?"

"மரம் இப்ப சாறு குடிச்சு நிக்குது. வெட்டினா நீலம் பூக்கும்."

மேசனுக்கு நீலமும் தெரியாது, பச்சையும் தெரியாது. படத்தில் இருந்தபடி அந்த மூலையில் சுவரை உள்ளே மடித்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு அத்திவாரம் போட்டார். நாங்களும் நீலம் என்ற பேச்சை நம்பினோம். சாறு வடியட்டும், கச்சானில் வெட்டுவார் என்று எண்ணிக்கொண்டோம். அதற்குள் சுவர் எழும்பி, மரமும் வீடும் தோளோடு தோள் நிற்கத் தொடங்கின. வீடு பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய், "என்ன கா இது, மூலை நொடிஞ்சு கிடக்கு?" என்று கேட்டுவிட்டார். கலியாணமே குழம்பப் போகிறதென்று மகள் அழுதாள். அக்கா அந்த அம்மாவை மர நிழலில் இருத்தி, தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்து, இரண்டாவது கோப்பையும் கொடுத்தார். அந்த அம்மா போகும்போது மூலையைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பை காய் கொண்டுபோனார்.

கச்சானும் அடித்தது. மரம் நின்றது. ஒருநாள் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணன், இப்பவும் சாறா?"

அவர் கோப்பையை மேசையில் வைத்தார்.

"நீங்க ரோல்ஸ் வாங்கினதுக்கு அடுத்த நாள் விடியக்காலம எழும்பிப் பாக்கிறன் தம்பி. அவ மரத்துக்குத் தண்ணி ஊத்திறா."

"அதுக்கு?"

"வெட்டப்போற மரம். அவதான் வெட்டச் சொன்னவ. நான் பாக்கிறது தெரியாம ஊத்திறா." இரண்டு விரலைக் காட்டி, "ஒரு வாளி இல்ல, ரெண்டு வாளி" என்றார்.

பிறகு தேத்தண்ணி ஆறிவிட்டதென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனார்.

மரம் தப்பியது சரி, மூடியில் குழி அப்படியே கிடந்தது. கலியாணம் நெருங்கியது. வெள்ளைத் துண்டுகளை ஒட்டி வட்டமாக்கிப் பார்த்தார். ஒட்டு தெரிந்தது, பிய்த்தார். மகள், "நிலா இல்லாட்டிப் பரவாயில்ல அப்பா" என்றாள். அது அவரை இன்னும் குத்தியது. தகப்பன் தந்த பெட்டகத்தில் ஓட்டை என்று பிள்ளையின் மாமியார் வீட்டில் நாலு பேர் பார்த்துப் பேசுவார்களே என்று கந்தோரில் புலம்பினார். நூறு தரம் ஊருக்குச் சொன்ன சட்டத்தைத் தானே மீறி, தன் பிள்ளையின் சாமானைப் பாழாக்கிவிட்டதாக நினைத்தார். மனிதர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். நாங்களும் "நிலா எப்ப?" என்று கேட்பதை நிறுத்திக்கொண்டோம்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் தீர்த்தமாடிவிட்டு வந்து, இரண்டு மூன்று நாளிருக்கும். மாலையில் அக்கா கோப்பையோடு பெட்டகத்தடிக்கு வந்தார். குழியைப் பார்த்தார், கோப்பையை அதில் வைக்கவில்லை. முற்றத்துக்கு வெளியே மேற்கே கையைக் காட்டினார்.

"அந்தா தெரியுதே, அது நிலா இல்லையா?"

வானத்தில் பிறை.

"குழி வட்டமா இரிக்கே" என்றார் இவர்.

"வட்டத்துக்குள்ள பிறை கொள்ளாதா?"

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போன அக்கா கத்தியோடு வந்தார். கிணற்றடிக்குப் போய், மரத்தைச் சுற்றி நடந்து, வளைந்த கொப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தானே வெட்டி, இலையை உதிர்த்து, புருசன் கையில் கொடுத்தார். இத்தனை வருடமாக அவர் கேட்காமலே இருந்ததற்கு, அக்காவும் ஒன்றும் சொல்லாமலே பதில் கொடுத்துவிட்டார் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

கொப்பு அன்றைக்கே அரியப்பட்டு, கச்சான் காலமென்றாலும் கலியாணத்துக்குள் காய வேண்டுமென்று, அடுத்த நாள் காலை கந்தோருக்கு வந்தது. இந்த முறை விசிறியை மேலதிகாரியே திருப்பிவிட்டார்.

கலியாணத்தன்று பெட்டகத்தைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். எனக்கு இடம் கிடைக்கப் பின்னேரமாகிவிட்டது. அதே கதவுத் தேக்கின் துண்டொன்றை வட்டமாக வெட்டி, அதற்குள் பிறையைப் பதித்து, பழைய குழியில் இறக்கியிருந்தார். பிறை பால்பல்லுப் போல வெள்ளையாக இருந்தது. கொப்பின் வளைவே அதன் வளைவு. ஆனால் தேக்கோடு தேக்கு சேர்ந்த இடத்தில், மரத்தின் ரேகை ஒத்துப்போகாமல், மெல்லிய வட்டமொன்று தெரிந்தது. எத்தனை பெரிய கெட்டிக்காரனாலும் அதை மறைக்க முடியாது.

"அண்ணன், சுத்திவர ஒரு கோடு தெரியுது" என்றேன். வாய் சும்மா இருக்காது.

"தெரியட்டும்" என்றார். "மூணாம் பிறைய ஒழுங்காப் பாத்திரிக்கியா? மிச்ச நிலாவும் மங்கலாத் தெரியும். இல்லாமப் போறதில்ல தம்பி, இருட்டுக்குள்ள இரிக்கும்."

அப்போது அக்கா வந்து, மாப்பிள்ளை வீட்டார் இன்னும் சாப்பிட வரவில்லை, கூப்பிட வேண்டும் என்று அவரை இழுத்துக்கொண்டு போனார். பட்டு வேட்டி தடக்கத் தடக்க அவர் பின்னால் ஓடினார். நான் அந்த வட்டத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். புருசனும் பெண்சாதியும் பின் வீட்டில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளை தவழுகிறதாம். தேற்றாத்தீவால் பஸ்ஸில் போகும்போது பல நாள் இடையில் இறங்கியிருக்கிறேன். தேசிக்காய் வாங்க வந்தேன் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்வேன். எங்கள் வீட்டில் தேசிக்காய் நிறையக் கிடக்கிறது. அந்த மனிதரைப் பார்க்காவிட்டால் எனக்கு ஏதோ போலிருக்கும்.